தலைமாடு

டவுன் பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போதே ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டபிறகு வீட்டைவிட்டு இறங்கினால்கூடப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பது அமிர்தத்தின் கணக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தப்பியதில்லை. அன்றைக்கும் ஹாரன் கேட்டது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கால் செருப்பிலும் மறு கால் தரையிலுமாக வாசற்படியில் நின்று, அவள் முட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஞ்சநதம் நாற்காலியில் பேப்பரை விரித்திருந்தார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஊரின் தபாலாபீசை இளவயசிலிருந்து பார்த்தவர். ஓய்வு பெற்றபின்னும் ஊருக்கு அவர் போஸ்ட்மாஸ்டர்தான். கோழி, முட்டை, அடை எல்லாம் அமிர்தத்தின் இலாகா. அவளிடம் இருந்த கோழிகள் கலப்பு. சுத்தமான சிறுவிடை நாட்டுக்கோழி வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடி, போனில் ஒரு கோழிக்காரர்கள் குழுவில் சேர்ந்து, நத்தம் பக்கத்தில் கயல்விழி என்ற பெண்ணைப் பிடித்திருந்தாள். அவள் அன்று சாயங்காலம் முட்டைகளை பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பார்த்து அதே சமயம் குத்தாலத்தில் அமிர்தத்தின் தங்கை மகளுக்கு வளைகாப்பு வந்து சேர்ந்தது. அதனால்தான் பார்சல் பஞ்சநதத்தின் தலையில் விழுந்தது.

"காலையில தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுலேருந்து போன் பண்ணுவாங்க. ஆட்டாம கொண்டாங்க. வந்ததும் படுக்க வச்சிராதீங்க, நிக்க வைங்க. தலைமாடு மேல இருக்கணும். கேக்குதா?"

"ம்."

"நான் என்ன சொன்னேன்?"

"தலைமாடு மேல."

"பரவால்லயே, பேப்பருக்கும் காது இருக்கு" என்றாள். நீல ஒயர் கூடையில் துண்டை நாலாக மடித்துப் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறேன், முட்டையை அதில்தான் வைத்து எடுத்துவர வேண்டும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. நிமிர வேண்டிய நேரமாக அது தெரியவும் இல்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் குத்தாலத்தில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தவள், நெஞ்சை என்னமோ அழுத்துது என்று சுவரில் சாய்ந்திருக்கிறாள். தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிக் குடித்துமிருக்கிறாள். கார் வருவதற்குள் முடிந்துபோயிற்று.

காலையில் அவளைக் கொண்டுவந்து கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். சிங்கப்பூரிலிருந்து மகன் தமிழரசன் வந்து சேர வேண்டும் என்பதால் கண்ணாடிப் பெட்டி வைத்துக் காத்திருந்தார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் பேசுவது பஞ்சநதத்தின் காதில் விழுந்துகொண்டிருந்தது. தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊத்துங்க. தலைமாட்டுல யாராச்சும் ஒக்காருங்க. மாலையைத் தலைமாட்டுப் பக்கம் போடுங்க. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் தனக்கு யாரோ ஒரு வேலை சொல்லியிருந்தார்கள் என்பது மாதிரி அவருக்குள் ஒன்று அசைந்தது. என்ன வேலை என்று பிடிபடவில்லை. சட்டைப்பையில் போன் இரண்டு மூன்று தடவை அடித்து ஓய்ந்ததும் அவருக்குத் தெரியாது.

பால் தெளித்த மறுநாள்தான் தெரிந்தது. பார்சல் ஆபீஸ் ஆள் மறுபடி கூப்பிட்டு, முட்டை வந்து கெடக்கு சார், நாத்தம் அடிச்சா நாங்க பொறுப்பில்ல என்றான். பஞ்சநதம் எழுந்தார். ஆணியிலிருந்து நீலக் கூடையை எடுத்து வண்டிக் கைப்பிடியில் மாட்டினார். காரியம் முடியாமல் எங்கே கிளம்புறீங்க என்று தமிழரசன் வழிமறித்தான். அம்மா ஒரு வேலை சொன்னா, இப்பதான் ஞாபகம் வந்துச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

பார்சல் கூடத்தின் மூலையில் ஒரு மோட்டார் பம்புக்கும் இரண்டு டயருக்கும் இடையில் அந்த அட்டைப்பெட்டி கிடந்தது. கயல்விழி நீலப் பேனாவால் பெரிதாக அம்புக்குறி போட்டு 'மேல்' என்று எழுதியிருந்தாள். அம்பு தரையைப் பார்த்திருந்தது. பஞ்சநதம் அதை நிமிர்த்திவைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பார்சல் மேல் அம்புக்குறி போட்டவர்களையும் பார்த்திருக்கிறார், அந்தப் பார்சல் இருந்த மூட்டையை வேனிலிருந்து உதைத்துத் தள்ளியவர்களையும் பார்த்திருக்கிறார்.

நல்லவேளை, மாசிக் குளிர் முழுசாகப் போகாத நேரம். பெட்டி முழுக்க உமி. உமிக்குள் பேப்பர் சுற்றிய முட்டைகள் படுத்துக் கிடந்தன. இரண்டு நசுங்கியிருந்தன. மிச்சத்தைக் கூடைத் துண்டின் மேல் அடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கி வண்டியைத் தள்ளி, ஏறி, மறுபடி இறங்கி ஊர் வந்து சேர்ந்தார். ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. உளுந்து வயலிலிருந்து கையசைத்தவர்கள், மனைவி போய் நாலு நாள் ஆகாத மனிதன் வண்டியை இப்படி உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, யாரும் எதுவும் கேட்கவில்லை.

குஞ்சு பொரிக்கும் பெட்டி பின்கட்டு அறையில் இருந்தது. தெர்மோகோல் பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே பல்பு, ஒரு சின்ன மின்விசிறி, சூட்டைக் காட்டும் சிவப்பு எழுத்து. அமிர்தம் அதைத் துடைத்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முட்டை நிற்க வேண்டிய அட்டைத் தட்டையும் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் சுவிட்சைப் போட்டு முட்டையை நிற்கவைப்பதுதான்.

ஒரு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். தலைமாடு மேல. முட்டைக்குத் தலைமாடு எது?

அவர் யோசித்தது சரியாகத்தான் இருந்தது. எந்த உயிருக்கும் உட்காருகிற பக்கம் அகலம், தலைப்பக்கம் சின்னது. கழுத்துக்கு மேல் போகப் போகக் குறுகத்தான் செய்யும். அப்படியானால் கூர்ப்பக்கம்தான் தலை. இதில் சந்தேகம் என்று ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பக்கத்து அறையில் இருந்த மகனைக் கேட்டிருப்பார், அவனும் போனைத் தட்டிப் பார்த்து ஒரு நொடியில் சொல்லியிருப்பான். ஒவ்வொன்றாகக் கூர் மேலே தெரிய நிறுத்தினார். மூடியை மூடியபோது, அவள் போனதிலிருந்து முதல்தடவையாக ஒரு வேலையை முடித்த நிம்மதி வந்தது.

பக்கத்து வீட்டு ஈஸ்வரிக்குத்தான் பொறுக்கவில்லை. அமிர்தத்தோடு உளுந்து பறித்தவள், கோழி மாற்றிக்கொண்டவள், அந்த வாரம் முழுக்க அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுவருகிறவள்.

"தீட்டு வீட்டுல அடை வக்கிறதுண்டா அண்ணே?"

"அடை வக்கிறது கோழிதானே ஈஸ்வரி. இது பெட்டி. பெட்டிக்கு ஏது தீட்டு?"

"போஸ்ட்மாஸ்டர் வாயி" என்று முனகிக்கொண்டே போனாள். ஆனாலும் மறுநாள் சோற்றுப்பாத்திரத்தை வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்ப் பெட்டியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

தமிழரசன் காரியப் பத்திரிகை அடிக்கத் தஞ்சாவூர் போயிருந்த ஒரு காலை, பீரோவுக்குள் அமிர்தத்தின் போன் அடித்தது. யாரோ அதை சார்ஜில் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். எடுத்தார்.

"அக்கா, எத்தனை மெசேஜ் போட்டேன்! முட்டை வந்துச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

பஞ்சநதம் இன்னார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னார். ஊரில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்த வாசகம்தான். ஆனால் செத்துப்போனாள் என்று தெரியாமல் அவளிடம் சண்டை பிடிக்க வந்த ஒரு குரலிடம் அதைச் சொல்வது புதிதாக இருந்தது.  அந்தப் பக்கம் கோழிகள் கொக்கரிப்பது மட்டும் கேட்டது. பிறகு கயல்விழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவை நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் தினமும் பேசுவோம் என்றாள். என்ன பேசுவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. தனக்குத் தெரியாமல் தினமும் ஒரு பேச்சு அந்த வீட்டில் நடந்திருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முட்டையை அடைக்கு வைத்திருக்கிறேன் என்றார். பார்சல் தலைகீழாகக் கிடந்ததையும் சொன்னார். அவள் குரல் மாறிவிட்டது. கதவைச் சாத்தி அறையை இருட்டாக்கிக்கொண்டு, போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். அவர் தன்னுடைய போனின் டார்ச்சை எரியவிட்டு, அமிர்தத்தின் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். உள்ளே சிலந்திக் கால் மாதிரி சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது. அதை இன்னும் கொஞ்சம் சாய்த்தபோது ஒரு வெளிச்சக் குமிழ் அசைந்து ஓடியது. வீடு கட்டும்போது கொத்தனார் சுவரில் வைத்துப் பார்த்த ரசமட்டத்தில் இப்படித்தான் ஒரு குமிழ், சாய்க்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடும்.

"ஓடுதுங்களா?"

"ஓடுது."

"எல்லாத்துலயுமா?"

இன்னும் மூன்று எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் ஓடியது.

கயல்விழி பொறுமையாகச் சொன்னாள். முட்டைக்குள் ஒரு காத்துப்பை இருக்கும். ஓட்டோடு ஒட்டி, ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். குஞ்சு கடைசியில் மூக்கால் அந்தப் பையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்த்தான் முதல் மூச்சை விடும். அந்த மூச்சு கிடைத்தபிறகுதான் ஓட்டைக் கொத்தும். பஸ்ஸில் குலுங்கினால் பை பிய்ந்து, காற்று முட்டைக்குள் அலைய ஆரம்பித்துவிடும். அலைகிற காற்றை எங்கே இருக்கிறதென்று குஞ்சு தேடும்? பாதிக்கு மேல் உள்ளேயே செத்துவிடும்.

"இப்ப அந்தக் குமிழு எங்க நிக்குதுங்கய்யா? பெட்டியில நிக்கறாப்புலயே பிடிச்சிப் பாருங்க."

"மேலதான். கூர்ல."

"கூர்லயா?"

"ஆமா. தலைமாட்டுல."



"ஐயா, கூரு மேல இருக்கறாப்புலயா நிறுத்தியிருக்கீங்க?"

"அவதான் தலைமாடு மேல இருக்கணும்னு சொன்னா."

"அது கால்மாடுங்கய்யா" என்றாள் கயல்விழி.

காத்துப்பை இருப்பது அகலமான பக்கத்தில். குஞ்சுக்குத் தலைதான் பெரிசு. அந்தப் பக்கம்தான் தலைமாடு. அவள் இதையெல்லாம் குற்றம் சொல்லுகிற தொனியில் சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. நரம்பு ஓடிய முட்டையை, அதுவும் காத்துப்பை பிய்ந்ததை, தலைகீழாகப் புரட்டினால் இருக்கிறதும் அறுந்துபோகலாம். புரட்டாவிட்டால் குஞ்சு தலையைப் பெரிய பக்கம் கொண்டுபோகுமா, காற்று இருக்கிற பக்கம் கொண்டுபோகுமா என்று சொல்ல முடியாது. நாங்கள் இந்த மாதிரி முட்டையைக் கொட்டிவிடுவோம் என்றாள். பதிலுக்கு வேறு அனுப்புகிறேன், காசு வேண்டாம், இந்தத் தடவை நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்றாள்.

"வேற வேணாம்மா. அவ சொன்னது இதைத்தான்."

 "அப்ப கலைக்காதீங்க. இருக்கறபடி இருக்கட்டும்" என்றாள். வைப்பதற்கு முன்னால், அக்கா உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்காங்க என்று ஆரம்பித்து, என்ன சொன்னாள் என்பதைச் சொல்லாமலே முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து பஞ்சநதத்துக்கு ஒரே நினைப்பு. எது தலைமாடு என்பது தெரிந்துவிட்டது. ஆனால் வாசற்படியில் நின்று அமிர்தம் சொன்னபோது அவள் மனதில் இருந்தது எந்தப் பக்கம்? அவளும் தன்னைப்போல் கூரைத்தான் தலை என்று நினைத்திருக்கலாம். அப்படியிருந்தால் அவர் அவள் சொன்னபடி செய்திருக்கிறார். தப்பு என்றால் இரண்டு பேருக்கும் பொது. அகலப் பக்கத்தை நினைத்துச் சொல்லியிருந்தால், அவள் கடைசியாகச் சொன்ன வேலையை அவர் தலைகீழாகச் செய்திருக்கிறார். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால் தீர்ந்துபோகிற விஷயம். எது தலைமாடுடி என்று கேட்டிருந்தால், இதுகூடத் தெரியல, நீங்களெல்லாம் எப்படித்தான் தபால் குடுத்தீங்களோ என்று சிரித்துச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்திருப்பாள்.

ஈஸ்வரியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். அமிர்தம் எதைத் தலைமாடு என்று சொல்லுவாள்?

"முட்டைக்கு ஏதுண்ணே தலை?" என்றாள் ஈஸ்வரி. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவள், சட்டென்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தமிழரசன் அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போவது என்ற முடிவோடு இருந்தான். இங்கே தனியாக என்ன செய்யப்போகிறீர்கள் என்றான், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றான், விசாவுக்கு எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன் என்றான். பஞ்சநதம் எல்லாவற்றுக்கும் சரி என்றார். முட்டை பொரியட்டும் என்று மட்டும் சொன்னார். முட்டைக்காக ஒரு மனிதன் பயணத்தைத் தள்ளிப்போடுவானா என்று அவன் கோபப்பட்டு, கோபத்தோடேயே காரில் ஏறி, கார் ஆற்றுப்பாலம் தாண்டியதும் போன் செய்து, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கப்பா என்றான்.

வீட்டில் சத்தம் என்று மிஞ்சியது பெட்டியின் விசிறிச் சத்தம் மட்டும்தான்.

அவர் சாப்பாட்டுத் தட்டைப் பின்கட்டு அறைக்கே எடுத்துப் போய்விடுவார். பேப்பரையும் அங்கேயே கொண்டுபோனார். முன்பெல்லாம் பேப்பரில் வந்ததை உரக்கப் படிப்பார். சமையலறையிலிருந்து அமிர்தம், ஆமா அப்படியே செஞ்சுட்டாலும் என்று எதற்கும் பொருந்துகிற ஒரு பதிலைச் சொல்லுவாள். ஒருநாள் தன்னையறியாமல் உரக்கப் படித்துவிட்டார். ஆழியாறு, வைகை என்று அணை நீர்மட்டம் படித்து மேட்டூருக்கு வந்தபோது நிறுத்தினார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேட்டூரைப் படித்து முடித்துவிட்டுப் பேப்பரை மடித்தார்.

டார்ச்சை வைத்துப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சிலவற்றில் நரம்பு மங்கி, ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றது. அப்படிப்பட்டதை எடுத்துத் தென்னைமரத்தடியில் புதைத்தார். கடைசியில் மூன்று நின்றன. மூன்றிலும் உள்ளே இருட்டு நிறைந்து, கூரில் மட்டும் ஒரு வெளிச்சத் துண்டு இருந்தது. அது இப்போது அவ்வளவாக ஓடவில்லை.

பங்குனிப் பாதியில் ஒரு பிற்பகலில் திடீரென்று வானம் இருட்டி இடி இறங்கியது. முதல் இடியிலேயே கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றதும் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அவரைத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்து, பாட்டில்களில் ஊற்றி, அமிர்தத்தின் பழைய நூல்புடவையைச் சுற்றிப் பெட்டிக்குள் இரண்டு பக்கமும் வைத்தார். புடவையின் மிச்சத்தைப் பெட்டி மேல் போர்த்தினார். மறுபடி இடித்தது. அவர் கொல்லைப்பக்கம் ஓடி, கூரைச் செருகலில் அவள் வைத்திருந்த ஒடிந்த கருக்கரிவாளைத் தேடி எடுத்துவந்து பெட்டி மேல் வைத்தார். இடிச்சத்தத்தில் முட்டை கலங்கிக் கூமுட்டையாகிவிடும், பக்கத்தில் இரும்பு இருந்தால் ஒன்றும் ஆகாது என்பது அமிர்தத்தின் நம்பிக்கை. ஒவ்வொரு அடைக்கும் அவள் அந்த அரிவாளை வைப்பாள், அவர் சிரிப்பார்.

நனைந்தபடி வந்து நின்ற ஈஸ்வரி அரிவாளைப் பார்த்துவிட்டாள்.

"அவ வச்சப்ப என்னா கிண்டல் பண்ணுனீங்க. இரும்பு இடிய வாங்கி மடியில கட்டிக்குமான்னு கேட்டீங்களே."

"கேட்டேன்."

"இப்ப மட்டும்?"

"இப்ப கேக்குறதுக்கு ஆள் இல்லையே" என்றார்.

ஈஸ்வரி ஆறிப்போன ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி வெந்நீர் ஊற்றினார்கள்.

நாள் நெருங்கியது. ஒரு காலையில் தட்டைக் கீழே வைக்கப்போன பஞ்சநதம் அப்படியே நின்றார். விசிறிச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. மெல்லிசாக, எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி. பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்தார். நடுவில் இருந்த முட்டையின் கூர் நுனிக்குக் கொஞ்சம் கீழே, மிளகளவுக்கு ஓடு பெயர்ந்திருந்தது. அந்தத் துளைக்குள் ஏதோ ஒன்று திறந்து மூடியது.

கயல்விழிக்குப் போன் செய்தார். தொடாதீங்க, திறக்காதீங்க, எவ்வளவு நேரமானாலும் பொறுங்க என்றாள். கூரிலயா, கூரிலேயேவா என்று இரண்டு தடவை கேட்டாள். பிய்ந்துபோன காற்று மேலே இருந்த பக்கமாக மிதந்து கூரில் போய் நின்றுவிட்டது, குஞ்சும் அங்கேயே தலையைக் கொண்டுபோயிருக்கிறது, இப்படி நான் பார்த்ததில்லைங்கய்யா என்றாள். 

அன்று பகல் முழுக்க அவர் அந்த அறையைவிட்டு நகரவில்லை. துளை விரிசலாகி, விரிசல் கூரைச் சுற்றி ஓடியது. கொஞ்ச நேரம் கொத்தும், நெடுநேரம் சும்மா கிடக்கும். ஒவ்வொரு தடவை சும்மா கிடக்கும்போதும் முடிந்தது என்றே நினைத்தார். வெயில் தாழ்ந்து ஈஸ்வரி கோழிகளை அடைக்க வந்த நேரத்தில், கூர் ஒரு தொப்பி மாதிரி கழன்று விழுந்தது. ஈரமாக, கறுப்பாக, கழுத்து நிற்காமல் ஒரு குஞ்சு வெளியே சரிந்தது.

மற்ற இரண்டிலும் சத்தமே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவற்றையும் தென்னைமரத்தடிக்குக் கொண்டுபோனார்.

ஒற்றைக் குஞ்சு ஓயாமல் கத்தியது. ரோமம் உலர்ந்து உருண்டையாகியும் கத்தியது. பசியில்லை, குளிரில்லை, கூடக் குஞ்சில்லாத கத்தல் அது என்று கயல்விழி சொன்னாள். ஒரு கண்ணாடியை உள்ளே வைத்துப் பாருங்கள் என்றாள். வீட்டில் இருந்த சின்னக் கண்ணாடி அமிர்தத்தினுடையதுதான். பெட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். குஞ்சு கத்தியபடியே அதன் பக்கத்தில் போய், உள்ளே இருந்த குஞ்சைப் பார்த்து நின்றது. பிறகு கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒரு கொத்துக் கொத்தியது. பொட்டு வரவில்லை. இன்னொரு தடவை கொத்திவிட்டு, கண்ணாடியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

சாயங்காலம் தமிழரசன் கூப்பிட்டான். டிக்கெட் போடட்டுமா என்றான்.

"குஞ்சு பொரிச்சிருக்கு தமிழு."

"சந்தோஷம்ப்பா. எத்தனை?"

"ஒண்ணு."

"ஒரு கோழிக்குஞ்சுக்காகவா இருக்கப்போறீங்க?"

"ஒண்ணுதானே இருக்கு" என்றார் பஞ்சநதம்.

 சரி, வளரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றான். குஞ்சை வீடியோவில் காட்டச் சொன்னான். அவருக்கு வீடியோ பிடிக்கத் தெரியவில்லை. போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தை மட்டும் கேட்கவைத்தார்.

குஞ்சுக்கு முதல் தீனியாக அவித்த மஞ்சள்கருவை உதிர்த்துப் போடலாம் என்று ஈஸ்வரி சொல்லிவிட்டுப் போனாள். அமிர்தம் அப்படித்தான் போடுவாளாம். துக்கம் நடந்த நாளிலிருந்து அந்த வீட்டில் முட்டை சமைக்கவில்லை. கோழிகள் இட்டதெல்லாம் ஈஸ்வரி வீட்டுக்குப் போய்விடுகிறது. பழையது ஏதாவது இருக்குமா என்று பஞ்சநதம் ஃபிரிட்ஜைத் திறந்தார். தினமும் பாலுக்காகத் திறக்கிற கதவுதான். கதவின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதை அவர் எப்போதும் திறந்ததில்லை. இப்போது தூக்கிப் பார்த்தார்.

அவள் குத்தாலம் கிளம்பிய அன்று எடுத்துவைத்த முட்டைகள், குழிக்கு ஒன்றாக வரிசையில் நின்றன.

அவர் கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார். மூடியை மெதுவாக இறக்கினார். ஃபிரிட்ஜ் கதவை ஆட்டாமல் சாத்திவிட்டு, அரிசி டப்பாவிலிருந்து ஒரு பிடி நொய் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார்.

ஒவ்வொரு முட்டையும் கூர் கீழே, அகலம் மேலே இருந்தது.